விர்ச்சுவல்பாக்ஸில் ஐபி முகவரிக் குழப்பங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் மாலை நேரங்களில் லினக்ஸும் நெட்வொர்க்கிங்கும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் பக்கமிருந்தும் காவேரிப்பட்டணத்திலிருந்தும் வரும் மாணவர்களில் பெரும்பாலோர் ஓசூரிலோ பெங்களூரிலோ சிஸ்டம் அட்மின் வேலைக்குப் போகும் எண்ணத்தில் படிக்கிறார்கள். பழகுவதற்கென்று தனியாக ஒரு சர்வர் வாங்கும் வசதி அவர்களுக்கு இல்லை. இருக்கிற ஒரே லேப்டாப்பில், ஒரு கணினிக்குள் வேறு கணினிகளை மென்பொருளாகவே ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, அதற்குள் இரண்டு மூன்று மெய்நிகர் கணினிகளை ஓட்டித்தான் கற்றுக்கொள்கிறார்கள். அப்படிக் கற்கும்போது எழும் சந்தேகங்களில் பெரும்பகுதி ஐபி முகவரியில் வந்து நிற்கிறது என்பதால், திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பதில்களில் ஹோஸ்ட் என்று வருவது உங்கள் லேப்டாப். மெய்நிகர் கணினி என்று வருவது அதற்குள் ஓடுவது. மெய்நிகர் கணினியில் உபுண்டு சர்வர் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். விண்டோஸாக இருந்தால் மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. சார், ஐபி அட்ரஸ்னா வீட்டு நம்பர் மாதிரின்னு சொல்றாங்க. அப்போ இந்த சப்நெட் மாஸ்க் எதுக்கு?

வீட்டு எண்ணைவிடத் தொலைபேசி எண்ணே இதற்குப் பொருத்தமான உவமை. தர்மபுரியின் எஸ்டிடி குறியீடு 04342, கிருஷ்ணகிரிக்கு 04343, ஓசூருக்கு 04344. லேண்ட்லைன் காலத்தில் தர்மபுரிக்குள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பேசக் குறியீடு தேவைப்படவில்லை. கிருஷ்ணகிரிக்குப் பேசவேண்டுமென்றால் 04343 சேர்த்து அழைத்தோம். எக்ஸ்சேஞ்ச் அந்த அழைப்பை வெளியூருக்குக் கடத்திவிட்டது. ஐபி முகவரியிலும் முற்பகுதி ஊரையும் பிற்பகுதி அந்த ஊருக்குள் இருக்கும் கருவியையும் குறிக்கின்றன. எந்த இடத்தில் ஊர் முடிந்து கருவி தொடங்குகிறது என்று சொல்வதே சப்நெட் மாஸ்க். 255.255.255.0 என்றால், சுருக்கமாக /24 என்றால், முதல் மூன்று எண்கள் ஊர். ஆகவே 192.168.56.10, 192.168.56.20 இரண்டும் ஒரே ஊர், 192.168.57.20 வெளியூர். அங்கே போக எக்ஸ்சேஞ்ச் போன்ற ஒரு கேட்வே வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168-இல் தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளும் 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தின்படி தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை. அலுவலக இண்டர்காம் எண்களைப் போல, ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு 101 இருக்கலாம். ஒரே கட்டடத்துக்குள் இரண்டு 101 இருக்கக்கூடாது.

2. நான் எதையும் செட் பண்ணவே இல்ல. 10.0.2.15-ன்னு வருது. பக்கத்துல உக்காந்திருக்கிறவனுக்கும் அதே நம்பர்தான் வருது. ஏதாச்சும் தப்பா?

தப்பில்லை. புதிதாக ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கினால் விர்ச்சுவல்பாக்ஸ் அதன் முதல் அடாப்டரை (நெட்வொர்க்கில் இணையும் அட்டையை) நேட் முறையில் இணைக்கிறது. நேட் முறையில் ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் அதற்கே உரிய ஒரு சிறு ரவுட்டர் மென்பொருளுக்குள் உருவாகிறது. அந்த ரவுட்டருக்குப் பின்னால் மெய்நிகர் கணினியின் முகவரி 10.0.2.15, கேட்வே 10.0.2.2, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பணிக்கு ஒதுக்கியது 10.0.2.3. உங்கள் கணினியும் பக்கத்து மாணவரின் கணினியும் தனித்தனிக் கட்டடங்கள். இரண்டிலும் 101 என்று ஓர் இண்டர்காம் இருப்பது போலத்தான் இது.

ஒரே லேப்டாப்பில் இரண்டு மெய்நிகர் கணினிகளை ஓட்டினாலும் இரண்டுக்கும் 10.0.2.15 என்றே வரும். இவையும் தனித்தனிக் கட்டடங்களே என்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றை அழைக்க முடியாது. அப்படிப் பேசவேண்டுமானால் நேட் நெட்வொர்க் என்ற வேறு முறையோ, உங்கள் லேப்டாப்பையும் மெய்நிகர் கணினிகளையும் மட்டும் இணைக்கும் ஹோஸ்ட் ஒன்லி அடாப்டரோ தேவை. நேட், நேட் நெட்வொர்க் என்று பெயர்கள் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு.

3. மெஷின் உள்ள இருந்து கூகுள் போகுது. ஆனா என் லேப்டாப்ல இருந்து 10.0.2.15-க்கு பிங் பண்ணா ரிப்ளையே வரல. ஐபியை மாத்தணுமா அண்ணா?

மாற்ற வேண்டாம். பிங் என்பது ஒரு முகவரியில் ஆள் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது, அவ்வளவுதான். இந்த இடத்தில் முகவரியை மாற்றத் தொடங்கித்தான் பலரும் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததையும் கெடுத்துக்கொள்கிறார்கள். நேட் என்பது உள்ளிருந்து வெளியே போகும் கதவு; வெளியிலிருந்து உள்ளே வர வழி கிடையாது. 10.0.2.15 என்ற முகவரி எங்கே இருக்கிறது என்பதே உங்கள் விண்டோஸுக்குத் தெரியாது.

வழிகள் இரண்டு. வெளியிலிருந்து இணைந்து கட்டளை இட உதவும் எஸ்எஸ்எச் மட்டும் போதுமென்றால், அடாப்டர் அமைப்பில் போர்ட் ஃபார்வர்டிங் பகுதிக்குச் சென்று ஹோஸ்டின் 2222-ஆம் போர்ட்டை (போர்ட் என்பது கணினிக்குள் ஒவ்வொரு சேவைக்கும் உரிய கதவு எண்) மெய்நிகர் கணினியின் 22-ஆம் போர்ட்டுக்குத் திருப்பிவிடுங்கள். பிறகு லேப்டாப் தன்னையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில் 2222-ஆம் போர்ட்டுக்கு இணைந்தால் உள்ளே போய்விடலாம். பல சேவைகளைச் சோதிக்க வேண்டுமென்றால் முதல் அடாப்டரை நேட்டாகவே விட்டுவிட்டு, இரண்டாவது அடாப்டரை ஹோஸ்ட் ஒன்லியாகச் சேருங்கள். நான் எல்லா மாணவர்களுக்கும் பரிந்துரைப்பது இந்த இரட்டை அடாப்டர் முறையைத்தான். இணையம் ஒரு வழியிலும் பயிற்சி இன்னொரு வழியிலும் போவதால், ஒன்றில் செய்யும் தவறு மற்றொன்றைத் தொடாது. இனி வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த முறையை வைத்தே எழுதப்பட்டவை.

4. ஹோஸ்ட் ஒன்லி போட்டா எந்த ஐபி வரணும்? வந்தது சரியா தப்பான்னு எப்படிப் பாக்கறது?

வழக்கமான அமைப்பில் ஹோஸ்டின் பக்கம் 192.168.56.1, முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வர் 192.168.56.100, மெய்நிகர் கணினிகளுக்குக் கிடைப்பது 101 முதல் 254 வரை. மெய்நிகர் கணினிக்குள் ‘ஐபி ஏ’ கட்டளையை இட்டால் அடாப்டர்கள் வரிசையாக வரும். முதல் அடாப்டர் பெரும்பாலும் இஎன்பி0எஸ்3, இரண்டாவது இஎன்பி0எஸ்8. முதலாவதில் 10.0.2.15-உம் இரண்டாவதில் 192.168.56.101 போன்ற ஒன்றும் இருந்தால் எல்லாம் சரி.

இரண்டாவது அடாப்டர் பட்டியலில் இருந்தும் அதில் ஐபிவி4 முகவரி இல்லையென்றால், உபுண்டுவை நிறுவும்போது அந்த அடாப்டர் இல்லாமல் இருந்திருக்கும். பின்னால் சேர்த்ததைப் பற்றி, உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பை எழுதிவைக்கும் நெட்பிளான் கோப்பில் ஒரு வரியும் இருக்காது. இஎன்பி0எஸ்8 என்ற பெயரைக் கோப்பில் சேர்த்து அதற்கு டிஎச்சிபி வேண்டும் என்று எழுதினால் முகவரி வந்துவிடும்.

5. 169.254-ன்னு ஒரு நம்பர் வருது. இது யார் குடுத்தது?

யாரும் கொடுக்கவில்லை என்பதற்கான அடையாளமே அது. முகவரி கேட்டு, பதில் வராமல், கணினி தனக்குத்தானே வைத்துக்கொண்ட எண். ஆர்எஃப்சி 3927 இதற்கென 169.254 தொகுதியை ஒதுக்கியிருக்கிறது. விண்டோஸ் மெய்நிகர் கணினிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். உபுண்டு சர்வரில் பெரும்பாலும் முகவரியே இல்லாமல் வெறுமையாக நிற்கும். காரணம் ஒன்றுதான்: டிஎச்சிபி சர்வர் எட்டவில்லை.

அடாப்டரின் கூடுதல் அமைப்புகளில் கேபிள் கனெக்டட் என்ற குறி நீங்கியிருக்கிறதா, விர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் மேனேஜரில் அந்த ஹோஸ்ட் ஒன்லி அடாப்டருக்கு டிஎச்சிபி சர்வர் முடக்கப்பட்டிருக்கிறதா, இன்டர்னல் நெட்வொர்க் என்று தவறுதலாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இன்டர்னல் நெட்வொர்க்கில் நீங்களாக ஏற்பாடு செய்யாதவரை முகவரி வழங்க ஆளே கிடையாது. சில நேரம் 169.254 ஹோஸ்ட் பக்கத்திலேயே வந்திருக்கும். அதாவது விண்டோஸில் ‘ஐபிகான்ஃபிக்’ இட்டுப் பார்த்தால் ஹோஸ்ட் ஒன்லி அடாப்டருக்கு 192.168.56.1 இருக்க வேண்டிய இடத்தில் 169.254 இருக்கும். அப்போது மெய்நிகர் கணினியைத் தொடவே வேண்டாம். நெட்வொர்க் மேனேஜரில் அந்த அடாப்டரைக் கைமுறை அமைப்புக்கு மாற்றி 192.168.56.1, 255.255.255.0 என்று எழுதிச் சேமித்தால் போதும்.

6. என் லேப்டாப்ல உபுண்டுதான். புக்ல இருக்கற மாதிரி 192.168.33.10 குடுத்தா, “இந்த ஐபி அனுமதிச்ச எல்லைக்குள்ள இல்ல”ன்னு எர்ரர் வருது. விண்டோஸ் வெச்சிருக்கறவங்களுக்கு வரல. எனக்கு மட்டும் ஏன்?

உங்கள் தவறு இல்லை. பாடக்குறிப்பு பழையது, மென்பொருள் புதியது. 2021 அக்டோபரில் வந்த 6.1.28 பதிப்பிலிருந்து லினக்ஸ், மேக்ஓஎஸ், சோலாரிஸ் ஆகிய ஹோஸ்ட்களில் ஹோஸ்ட் ஒன்லி நெட்வொர்க்குக்கு எந்த முகவரியை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள விர்ச்சுவல்பாக்ஸ் அனுமதிப்பதில்லை. 192.168.56.0/21 என்ற எல்லைக்குள் இருந்தால் மட்டுமே ஏற்கும். விண்டோஸ் ஹோஸ்டில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைச் செய்யும் இருவரில் ஒருவருக்கு ஓடுகிறது, மற்றவருக்கு ஓடவில்லை.

/21 என்பதைச் சற்று நின்று புரிந்துகொள்ளுங்கள். முதல் கேள்வியில் சொன்ன ஊர் எல்லை இங்கே மூன்றாவது எண்ணின் நடுவில் விழுகிறது. ஐபி முகவரி 32 பிட்டுகளால் (0 அல்லது 1) ஆனது, சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் அதில் எத்தனை பிட் ஊருக்கு என்று சொல்கிறது. 32 பிட்டுகளில் 21 பிட் ஊருக்குப் போனால் மிச்சம் 11; அதாவது 2048 முகவரிகள். 256 முகவரி கொண்ட துண்டுகளாகப் பார்த்தால் எட்டுத் துண்டுகள். ஆக மூன்றாவது எண் 56 முதல் 63 வரை எதுவாகவும் இருக்கலாம். 192.168.60.10 செல்லும், 192.168.63.200 செல்லும், 192.168.64.10 செல்லாது. 33 அந்த எல்லைக்கு வெளியே வெகு தூரத்தில் இருக்கிறது.

நான் சொல்லும் தீர்வு, 33-ஐ 56 என்று மாற்றிவிட்டு வேலையைத் தொடர்வதுதான். பயிற்சிக்கு எந்த எண் என்பதில் எந்தச் சிறப்பும் இல்லை. வேறு கோப்புகளில் அந்த முகவரி ஏற்கெனவே எழுதப்பட்டு, மாற்ற முடியாத நிலை இருந்தால் மட்டும், ஹோஸ்டில் ஈடிசி கோப்புறைக்குள் விபாக்ஸ் என்ற கோப்புறையை ரூட் அனுமதியுடன் உருவாக்கி, அதில் நெட்வொர்க்ஸ்.கான்ஃப் என்ற கோப்பை எழுதுங்கள். கோப்பில் ஒரே வரி: நட்சத்திரக் குறி, ஓர் இடைவெளி, பிறகு 192.168.33.0/24. நட்சத்திரக் குறியை விட்டுவிட்டு ‘கோப்பு இருக்கிறது, ஆனாலும் எர்ரர் வருகிறது’ என்று வந்தவர்கள் பலர். இன்னொரு வேண்டுகோள்: 0.0.0.0/0 என்று எழுதி எல்லாவற்றையும் திறந்துவிடும்படி இணையத்தில் பரவலாகச் சொல்லப்படுகிறது. அது பிழைச்செய்தியைத்தான் அடக்குகிறது. வீட்டு ரவுட்டரின் முகவரித் தொகுதியையே தவறுதலாக ஹோஸ்ட் ஒன்லிக்கு வைத்தாலும் இனி உங்களைத் தடுக்க யாரும் இல்லை. தேவையான எல்லையை மட்டும் திறப்பதே நல்லது.

7. நெட்பிளான்ல ஸ்டாட்டிக் ஐபி குடுத்தேன். இருந்த இன்டர்நெட்டும் போச்சு, லேப்டாப்ல இருந்தும் போக முடியல. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல சார், பத்து தடவை பாத்துட்டேன்.

சென்ற மாதம் பாலக்கோட்டிலிருந்து வரும் ஒரு மாணவி இதே நிலையில் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். கோப்பில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை என்பது உண்மை. 192.168.56.10/24 என்று சரியாகவே எழுதியிருந்தார். ஆனால் அதை எழுதியிருந்த இடம் இஎன்பி0எஸ்3-இன் கீழ். அது நேட் அடாப்டர். நேட் அடாப்டருக்கு ஹோஸ்ட் ஒன்லி ஊரின் முகவரியைக் கொடுத்ததால் அதன் இணையம் போயிற்று. ஹோஸ்ட் ஒன்லி அடாப்டருக்கு ஒன்றுமே கொடுக்காததால் அந்த வழியும் அடைபட்டது. 3 என்பதை 8 என்று மாற்றி, இஎன்பி0எஸ்3-க்கு டிஎச்சிபியைத் திரும்ப எழுதியதும் இரண்டும் ஒருசேரச் சரியாயின. எந்த அடாப்டர் எது என்பதில் ஐயம் வந்தால் பெயரை நம்பாமல், அடாப்டரின் வன்பொருள் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பாருங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பில் ஒவ்வொரு அடாப்டருக்கும் 080027 என்று தொடங்கும் ஒரு மேக் முகவரி இருக்கும். ‘ஐபி ஏ’ காட்டுவதோடு அதை ஒப்பிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

நெட்பிளான் கோப்பு யாமல் வடிவில் இருப்பதால், வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு. டேப் விசையை அழுத்தக்கூடாது. இடைவெளி விசை மட்டுமே. ஒரே மட்டத்தில் வரவேண்டியவை ஒரே அளவு உள்ளே தள்ளியிருக்க வேண்டும். முகவரிக்குப் பின் /24 இல்லையென்றால் நெட்பிளான் ஏற்காது. ‘நெட்பிளான் அப்ளை’ என்பதற்குப் பதிலாக ‘நெட்பிளான் ட்ரை’ என்று இடுங்கள். 120 விநாடிகளுக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே அது திரும்பிவிடும். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே இருந்துகொண்டு முகவரியை மாற்றுகிறவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு.

8. எந்த நம்பர் குடுத்தாலும் சரியா? நான் 192.168.56.105 குடுத்தேன், ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு, அப்புறம் விட்டு விட்டு வருது.

105 என்பது டிஎச்சிபி வழங்கும் எல்லைக்குள் இருக்கிறது. நான்காம் பதிலில் சொன்னபடி 101 முதல் 254 வரை அந்த சர்வரின் கைவசம். உங்கள் இரண்டாவது மெய்நிகர் கணினிக்கு அது 105-ஐக் கொடுத்துவிட்டால் ஒரே எண்ணுக்கு இரண்டு பேர் பதில் சொல்வார்கள். கைமுறையாகக் கொடுப்பதற்கு 2 முதல் 99 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

9. செகண்ட் அடாப்டருக்கு கேட்வே 192.168.56.1 குடுத்தேன். புக்ல கேட்வே கட்டாயம்னு இருக்கு. ஆனா குடுத்ததுல இருந்து இன்டர்நெட் வரல.

கேட்வே என்பது வெளியூருக்குப் போகும் வழி. ஹோஸ்ட் ஒன்லி நெட்வொர்க்குக்கு வெளியூரே கிடையாது, 192.168.56.1 உங்கள் லேப்டாப்தான், அது வழக்கமான அமைப்பில் யாருடைய பொட்டலத்தையும் இணையத்துக்குக் கடத்தாது. நேட் அடாப்டர் டிஎச்சிபி வழியாக 10.0.2.2 என்ற கேட்வேயை ஏற்கெனவே பெற்றிருக்கிறது. நீங்கள் கையால் எழுதியதற்கு முன்னுரிமை கிடைப்பதால் எல்லாப் போக்குவரத்தும் முட்டுச்சந்துக்குள் போய் நிற்கிறது.

‘ஐபி ரூட்’ கட்டளையை இட்டுப் பாருங்கள். டிஃபால்ட் என்று தொடங்கும் வரி ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இதுவே காரணம். நெட்பிளான் கோப்பிலிருந்து ஹோஸ்ட் ஒன்லி அடாப்டரின் கேட்வே வரியை நீக்கினால் இணையம் திரும்பிவிடும். கேட்வே கட்டாயம் என்று நூலில் இருப்பது, கணினிக்கு ஒரே அடாப்டர் உள்ள நிலையை மனத்தில் வைத்து எழுதியது.

10. 8.8.8.8-க்கு பிங் போகுது, ஆனா பேர் போட்டா போகல. ஐபி தப்பா, வேற ஏதாச்சுமா?

முகவரியும் கேட்வேயும் சரி. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும் கிடைக்கவில்லை. கைமுறையாக முகவரி எழுதியவர்கள் நேம்சர்வர் வரியை மறந்திருப்பார்கள். எதையும் மாற்றாமலேயே இது நேர்ந்தால், லேப்டாப் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போயிருக்கிறதா என்று யோசியுங்கள். நேட் முறையில் ஹோஸ்ட் பயன்படுத்தும் டிஎன்எஸ் முகவரியே மெய்நிகர் கணினிக்கும் தரப்படுகிறது. வீட்டில் அதை இடைநிறுத்தி மூடிவிட்டு, வகுப்பில் வேறு இணைப்பில் திறந்தால், வீட்டு ரவுட்டரின் முகவரியையே அது தேடிக்கொண்டிருக்கும். மெய்நிகர் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் புதிய முகவரியைப் பெற்றுக்கொள்ளும்.

11. வீட்ல பிரிட்ஜ் போட்டு 192.168.1.50 குடுத்து வெச்சிருந்தேன், சூப்பரா ஓடுச்சு. இங்க வந்து போன் ஹாட்ஸ்பாட் போட்டா ஒண்ணுமே வரல.

பிரிட்ஜ் முறையில் மெய்நிகர் கணினி உங்கள் லேப்டாப்புக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு கணினியாகவே அந்த நெட்வொர்க்குக்குத் தெரியும். ஆகவே அந்த ஊரின் முகவரிதான் அதற்கு வேண்டும். வீட்டு ரவுட்டரின் ஊர் 192.168.1, ஹாட்ஸ்பாட்டின் ஊர் வேறு. ஐபோனின் ஹாட்ஸ்பாட் என்றால் 172.20.10.1-இல் தொடங்கி 172.20.10.14 வரை 14 முகவரிகள்தான் உண்டு, மாஸ்க்கும் 255.255.255.240. தர்மபுரி எண்ணை 04343 சேர்த்து அழைத்தால் கிடைக்காதது போலத்தான் 192.168.1.50 அங்கே செல்லுபடியாகாது. இடம் மாறும் லேப்டாப்பில் பிரிட்ஜ் அடாப்டருக்கு நிரந்தர முகவரி எழுதாதீர்கள், டிஎச்சிபியில் விடுங்கள்.

அப்படி விட்டும் முகவரி வரவில்லையென்றால் இரண்டைப் பாருங்கள். பிரிட்ஜ் எந்த அடாப்டரோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது முதலாவது. வீட்டில் லேன் கேபிளோடு கட்டியிருந்தால் இங்கே வைஃபை அடாப்டருக்கு மாற்ற வேண்டும். இரண்டாவது வைஃபையின் இயல்பு. தன்னோடு இணைந்த கருவியின் மேக் முகவரியிலிருந்து வருவதை மட்டுமே அணுகல் புள்ளி ஏற்கும் என்பதால், மெய்நிகர் கணினியின் மேக் முகவரியை விர்ச்சுவல்பாக்ஸ் லேப்டாப்பின் மேக் முகவரியாக மாற்றி அனுப்புகிறது. எல்லா ஹாட்ஸ்பாட்டும் இதற்கு ஒத்துழைப்பதில்லை. வீட்டில் பிராட்பேண்ட் இல்லாமல் போன் இணைப்பையே நம்பியிருக்கும் மாணவர்கள் இங்கே அதிகம்; அவர்கள் பிரிட்ஜோடு போராடி நேரத்தை இழக்க வேண்டாம். மூன்றாம் பதிலில் சொன்ன இரட்டை அடாப்டர் முறை எந்த இணைப்பிலும், இணைப்பே இல்லாதபோதும் ஓடும்.

12. ஆபீஸ்ல பிராக்டிஸ் பண்ணலாமா? பிரிட்ஜ்ல ஒரு ஸ்டாட்டிக் ஐபி போட்டுக்கிட்டா யாருக்கும் தெரியாதில்ல?

தெரியும், அதைவிட, பிறரைப் பாதிக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் நான் இதைச் செய்தேன். பிங் செய்து பார்த்தேன், பதில் வரவில்லை, காலியான முகவரி என்று நினைத்து என் மெய்நிகர் கணினிக்கு வைத்துக்கொண்டேன். அது, அந்நேரம் அணைத்து வைக்கப்பட்டிருந்த பிரிண்டருடைய முகவரி. மறுநாள் காலை பிரிண்டரைப் போட்டதும் அச்சுக்கு அனுப்பியவற்றில் சில அதற்குப் போயின, சில என் லேப்டாப்பைத் தேடி வந்து வீணாயின. மாதக் கடைசி, சம்பளப் பட்டியல் அச்சிட வேண்டிய நாள். கணக்குப் பிரிவிலிருந்த அக்கா மதியம் வரை சாப்பிடப் போகாமல் ஒவ்வொரு தாளாகத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தார். பிங்குக்குப் பதில் இல்லை என்பதற்கு, அந்த முகவரிக்கு உரியவர் இல்லை என்று பொருளல்ல. பிறருடைய நெட்வொர்க்கில் பிரிட்ஜ் முறையையே தவிர்த்துவிடுங்கள். அவசியம் வேண்டுமென்றால் நிர்வகிப்பவரிடம் கேட்டு முகவரி வாங்குங்கள்.

13. எங்க லேப் நெட்வொர்க்கே 10.0.2-ல தான் இருக்கு. உள்ள இருந்து லேப் சர்வர் 10.0.2.40-க்குப் போக முடியல.

அரிதாக வரும், ஆனால் கண்டுபிடிக்கக் கடினமான ஒன்று. நேட்டுக்குப் பின்னால் இருக்கும் மெய்நிகர் கணினி 10.0.2 என்பதைத் தன் சொந்த ஊராக நினைக்கிறது. ஆகவே 10.0.2.40-ஐ உள்ளூரிலேயே தேடுகிறது. கேட்வேக்கு அனுப்புவதே இல்லை. இங்கே உண்மையிலேயே முகவரித் தொகுதியை மாற்ற வேண்டும். மெய்நிகர் கணினியை முழுவதுமாக அணைத்துவிட்டு, ஹோஸ்டில் விபாக்ஸ்மேனேஜ் கட்டளையின் மாடிஃபைவிஎம் பிரிவில் உள்ள நேட்நெட்1 விருப்பத்துக்கு 10.0.9.0/24 போன்ற மோதாத தொகுதி ஒன்றைக் கொடுங்கள். அடுத்த முறை எழும்போது முகவரி 10.0.9.15 என்றும் கேட்வே 10.0.9.2 என்றும் அமையும்.

14. நான் விஎம்வேர் வெச்சிருக்கேன். இதெல்லாம் அப்படியே பொருந்துமா?

கருத்து பொருந்தும், எண்கள் பொருந்தா. விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனில் விஎம்நெட்0 பிரிட்ஜ், விஎம்நெட்1 ஹோஸ்ட் ஒன்லி, விஎம்நெட்8 நேட். நேட் நெட்வொர்க்கில் .1 ஹோஸ்டுக்கும் .2 கேட்வேக்கும் உரியவை. டிஎச்சிபி 128-லிருந்து தொடங்குகிறது. வீட்டு ரவுட்டர் பழக்கத்தில் கேட்வேயாக .1 என்று எழுதிவிடுவதே இங்கே நான் அதிகம் திருத்தும் பிழை. மூன்றாவது எண் கணினிக்குக் கணினி மாறும் என்பதால் நண்பரின் குறிப்பைப் பார்த்து எழுதாமல், உங்கள் கணினியின் விர்ச்சுவல் நெட்வொர்க் எடிட்டரைத் திறந்து பார்த்து எழுதுங்கள்.

15. விண்டோஸ் மெஷினுக்கு ஐபி 192.168.56.20, மாஸ்க் சரி, எல்லாம் சரி. ஆனா பிங் போகல. அங்க இருந்து இங்க போகுது!

ஒரு பக்கம் போகிறது என்றால் முகவரி சரி என்பது அதிலேயே நிரூபணமாகிவிட்டது. விண்டோஸ் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் பிங்கை வழக்கமாகத் தடுக்கிறது. அதன் இன்பவுண்ட் விதிகளில் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் என்று தொடங்கும் ஐசிஎம்பிவி4 எக்கோ ரிக்வெஸ்ட் விதியை இயக்குங்கள். ஃபயர்வாலை முழுவதும் அணைக்க வேண்டியதில்லை.

16. ஒரு மெஷினை குளோன் பண்ணேன். மேக் அட்ரஸ் ரெண்டுக்கும் வேற வேறதான், செக் பண்ணிட்டேன். ஆனாலும் ரெண்டுக்கும் 192.168.56.103-தான் வருது. இது எப்படி சார்?

குளோன் செய்யும்போது எல்லா அடாப்டர்களுக்கும் புதிய மேக் முகவரி உருவாக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் அதைச் செய்துவிட்டீர்கள், சரிதான். ஆனால் உபுண்டு சர்வர் முகவரி கேட்கும்போது மேக் முகவரியைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. ஈடிசி கோப்புறையில் மெஷின்-ஐடி என்ற கோப்பில் 32 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளம் இருக்கிறது. அதிலிருந்து உருவாக்கிய ஒன்றைத்தான் டிஎச்சிபி சர்வரிடம் காட்டுகிறது. குளோன் செய்தபோது அந்தக் கோப்பும் சேர்ந்தே பிரதியானது. ஒரே ரேஷன் கார்டைக் காட்டி இருவர் வந்தால் கடைக்காரர் ஒரே குடும்பம் என்றுதானே எழுதிக்கொள்வார்? டிஎச்சிபி சர்வரும் அதையே செய்து, இருவருக்கும் 103-ஐக் கொடுக்கிறது.

குளோன் செய்த கணினியில் மட்டும் அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தை அழித்து வெறுமையாக்கி, மறுதொடக்கம் செய்யுங்கள். கோப்பையே நீக்கிவிட வேண்டாம். வெறுமையாக இருந்தால் தொடங்கும்போது புதிய அடையாளம் தானாக எழுதப்படும். அடிக்கடி குளோன் செய்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: மூலக் கணினியின் நெட்பிளான் கோப்பில் டிஎச்சிபி-ஐடென்டிஃபையர் என்ற வரியைச் சேர்த்து அதற்கு மேக் என்று மதிப்பு கொடுத்துவிட்டால், அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பிரதியும் மேக் முகவரியைக் கொண்டே அறிமுகமாகும்.

அப்படிச் செய்தும் எஸ்எஸ்எச் இணைக்கும்போது ஹோஸ்ட் கீ மாறிவிட்டதாக எச்சரிக்கை வந்தால் பயப்படாதீர்கள். இதுவரை 103-இல் பதில் சொன்னது ஒரு கணினி, இப்போது சொல்வது வேறு. உங்கள் லேப்டாப்பில் நோன்-ஹோஸ்ட்ஸ் கோப்பிலிருந்து 192.168.56.103-க்கு உரிய பழைய வரியை நீக்கிவிட்டு மீண்டும் இணையுங்கள். குளோனுக்கு எந்த முகவரி வந்திருக்கிறது என்பதை அதன் திரையிலேயே ‘ஐபி ஏ’ இட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகு அதற்குள் போங்கள்.